விரலில் என்ன தடவலாம், சிஸ்டர்?

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடாமல் துரத்தும் கேள்வி இது. முன்பெல்லாம் டிரெஸ்ஸிங் ரூம் வாசலில் நின்று கேட்பார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் போட்டோ வருகிறது. பாதி நேரம் அதில் விரலே தெரியாது. மஞ்சள் தெரியும், இல்லையென்றால் மருதாணி தெரியும், அதுவும் இல்லையென்றால் முழுசாக ஒரு எலுமிச்சம்பழம் தெரியும். பழத்துக்குள் எங்கேயோ குழந்தையின் ஆள்காட்டி விரல் இருக்கிறதாம். கூடவே ஒரு குரல் பதிவு: "சிஸ்டர், பாப்பாவுக்கு நகச்சுத்தி. நேத்துலேர்ந்து பழம் மாட்டி வெச்சிருக்கோம். வேற என்ன தடவலாம்?"

"தடவினதையெல்லாம் கழுவிட்டு, ஜன்னல் பக்கம் கூட்டிட்டுப் போய், வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்மா." என் முதல் பதில் எப்போதும் இதுதான். பல பேருக்கு ஏமாற்றமாக இருக்கும். மருந்துப் பெயர் கேட்டால் இந்தம்மா கழுவச் சொல்கிறாளே என்று. என்ன செய்வது, குழந்தைகளின் நகத்தில் வரும் தொல்லைகளில் நாலைந்து வகை பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். ஒன்றை வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். இன்னொன்றுக்கு ஈரமே ஆகாது. ஒன்றைக் கீறிவிட வேண்டும். இன்னொன்றில் கத்தி படவே கூடாது. இன்னொன்று இருக்கிறது, அதற்கு ஒன்றும் செய்யாமல் சும்மா இருப்பதே வைத்தியம். அதனால் தடவுவதற்கு முன் பார்க்க வேண்டும். இந்தப் பதிவு முழுக்க அந்தப் பார்ப்பதைப் பற்றித்தான்.

எலுமிச்சம்பழ விவகாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பழத்தின் தலையைச் சீவி, நடுவில் துளை போட்டு, சில வீடுகளில் உள்ளே மஞ்சள்தூளும் உப்பும் வைத்து, விரலைச் செருகி ராத்திரி முழுக்க விட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். எனக்கும் பாட்டி மாட்டிவிட்டிருக்கிறாள். அதில் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பழம் மாட்டிய விரலைக் குழந்தை வாயில் வைக்காது, மண்ணில் விடாது, கதவில் இடித்துக்கொள்ளாது. ஜில்லென்று இருப்பதால் வலி கொஞ்சம் அடங்கியது போலவும் இருக்கும். ஆனால் ராத்திரி முழுக்கப் புளிப்புச் சாற்றில் ஊறிய தோல், காலையில் வெளுத்துச் சுருங்கித் தொட்டால் உரியும் நிலையில் இருக்கும். ஏற்கெனவே கிழிந்திருந்த இடத்தில் எரிச்சல் வேறு. உள்ளே சீழ் இருக்கிறதா இல்லையா என்று டாக்டர் பார்த்தாலும் சட்டென்று சொல்ல முடியாது. அந்தச் சாறு பட்ட கையோடு குழந்தை வெயிலில் ஆடினால் தோல் வெந்து கருந்திட்டு விழுவதும் உண்டு.

சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போடுவது இதைவிட மோசம். சுண்ணாம்பின் காரம் பிஞ்சுத் தோலைப் பொசுக்கிவிடும். பற்றை எடுக்கும்போது தோலும் சேர்ந்து வந்த விரல்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். மருதாணி இவ்வளவு கெடுதல் செய்யாது. ஆனால் மருதாணியில் சிவந்த விரலில், புண்ணின் சிவப்பு எது என்று யார் கண்டுபிடிப்பது?

சரி, நகச்சுத்தி எப்படி வருகிறது? உங்கள் நகத்தையே பாருங்கள். நகம் முளைத்து வரும் அடிப்பக்கத்தில், தோலுக்கும் நகத்துக்கும் நடுவில் மெல்லிய ஒரு விளிம்பு ஒட்டிக்கொண்டிருக்கும். ஜன்னல் கண்ணாடிக்கும் மரச்சட்டத்துக்கும் இடையில் தச்சர் வைக்கும் பட்டி மாதிரி. பட்டி இருக்கும்வரை மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது. குழந்தை நகத்தைக் கடிக்கும்போதோ, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தோலைப் பிடித்து இழுக்கும்போதோ, நாம் நகவெட்டியை ஆழமாக விடும்போதோ அந்த விளிம்பு விட்டுப்போகிறது. எந்நேரமும் தோலில் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிருமிகள் உள்ளே நுழைகின்றன. விரல் சூப்பும், நகம் கடிக்கும் குழந்தைகளுக்கு வாயில் உள்ள கிருமிகளும் கூட்டுச் சேரும். ஓரிரு நாளில் நகத்தின் ஒரு பக்கம் சிவந்து, வீங்கி, விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பிக்கும். சட்டை பட்டால்கூடக் குழந்தை கத்தும்.

இந்த ஆரம்பக் கட்டத்தில், அதாவது சிவப்பும் வலியும் இருக்கிறது, சீழ் இன்னும் கட்டவில்லை என்கிற நிலையில், வெந்நீரே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். வெந்நீர் என்றால் கொதிக்கும் நீர் என்று புரிந்துகொண்டு குழந்தையின் கையைச் சுட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தை அந்த நீரில் வைத்துப் பாருங்கள். இதமாக இருக்க வேண்டும், கையை இழுத்துக்கொள்ளத் தோன்றக் கூடாது. ஒரு டம்ளரில் ஊற்றி, விரலை 10 முதல் 15 நிமிடம் வைத்திருங்கள். ஒரு நாளைக்கு 3, 4 தடவை. நடுவில் நீர் ஆறிப்போகும். அப்போது விரலை வெளியே எடுத்துவிட்டு, சூடான நீர் சேர்த்துக் கலக்கி, மறுபடி தொட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள். உப்பு போடலாம், போடாமலும் விடலாம். கிருமிநாசினித் திரவத்தை அப்படியே ஊற்றவே கூடாது. அது குழந்தைத் தோலைப் புண்ணாக்கும். 2 வயசுப் பிள்ளையை 10 நிமிடம் எப்படி உட்காரவைப்பது என்று கேட்பீர்கள். டம்ளருக்குப் பதில் கிண்ணம் வையுங்கள், உள்ளே இரண்டு ஸ்பூன் போடுங்கள். அதுவே நோண்டிக்கொண்டு இருக்கும். இந்த ஒரு காரியத்துக்காக மட்டும் செல்போனில் கார்ட்டூன் காட்டுவதை நான் கண்டுகொள்வதில்லை.

ஊறவைத்த பிறகு சுத்தமான துணியால் ஒற்றி, ஈரம் போகக் காயவிட வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாட்டிக் களிம்பு இருந்தால் அதன் பிறகு மெல்லியதாகப் பூசலாம். வலிக்கு பாராசிட்டமால் போதும். எடைக்குக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள்: ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, 6 மணி நேர இடைவெளியில். இங்கே ஒரு சிக்கல் உண்டு. 5 மில்லி மருந்தில் 120, 125 மில்லிகிராம் இருக்கும் பாட்டிலும் வருகிறது, 250 இருக்கும் பாட்டிலும் வருகிறது. போன தடவை எத்தனை மில்லி கொடுத்தோம் என்ற ஞாபகத்தில் ஊற்றாமல், லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

2 நாளில் வீக்கம் வடிய வேண்டும். வடியவில்லை என்றால் உள்ளே சீழ் பிடிக்கிறது என்று சந்தேகப்பட வேண்டியதுதான். சீழை எப்படித் தெரிந்துகொள்வது? நகத்தின் ஓரத்திலோ அடியிலோ மஞ்சளாக, வெள்ளையாகத் தெரிந்தால் கேள்வியே இல்லை. தெரியாத விரலுக்கு டாக்டர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். விரல் நுனியின் சதைப் பக்கத்தைக் குழந்தையின் கட்டைவிரலோடு சேர்த்து லேசாக அழுத்தச் சொல்வார்கள். அழுத்தும்போது நகத்தோரம் ஒரு இடம் மட்டும் தனியாக வெளுத்துத் தெரிந்தால் அங்கேதான் சீழ் நிற்கிறது. நல்ல வெளிச்சத்தில் இதை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வீங்கி ஒரே சிவப்பாக இருக்கும் விரலில், அழுத்தியதும் ஒரு பயறு அளவுக்கு வெள்ளை எழும்பி வரும், கையை எடுத்ததும் மறைந்துவிடும்.

சீழ் கட்டிவிட்டால் அது வெளியே வந்தாக வேண்டும். எந்தக் களிம்பும் தோலைத் தாண்டிப் போய் அதை எடுத்து வராது. ஆன்டிபயாட்டிக் சிரப்பும் சீழ்க் குட்டைக்குள் சரியாகப் போய்ச் சேராது. "கீற வேணாம் டாக்டர், மருந்திலேயே கரைச்சுடுங்க" என்று கெஞ்சும் பெற்றோரை நான் ஆயுசு முழுக்கப் பார்த்தாயிற்று. அவர்கள் நினைப்பது போல அங்கே பெரிய கத்தி, தையல் எதுவும் கிடையாது. குழந்தையை அம்மா மடியில் வைத்துக்கொள்வார். விரலை மரத்துப்போக ஊசி போடுவதும் உண்டு, சீழ் நன்றாக மேலெழும்பி தோல் செத்துப்போய் இருந்தால் ஊசியே தேவைப்படாததும் உண்டு. நகத்துக்கும் தோலுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடுக்கில், தட்டையான கருவியின் நுனியையோ ஊசியின் சரிந்த முனையையோ நகத்தை ஒட்டி மெல்ல விட்டுத் தோலைத் தூக்குவார்கள். ஒரு சொட்டோ இரண்டு சொட்டோ வரும். அவ்வளவுதான். அழுதுகொண்டிருந்த குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு விரலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். உள்ளே இருந்த அழுத்தம்தான் அத்தனை வலியும். அதன் பிறகு வீட்டில் 2, 3 நாள் வெந்நீர் ஊறவைப்பு தொடரும்.

இதையே வீட்டில் ஊக்கை நெருப்பில் காட்டிக் குத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஊக்கு எவ்வளவு ஆழம் போகும் என்று குத்துபவருக்குத் தெரியாது. விரல் நுனியின் சதைக்குள் கிருமியைக் கொண்டுபோய் விட்டால், பிறகு அது நகத்தோரப் பிரச்சினையாக இருக்காது. நுனி முழுக்கக் கல் போல இறுகி, எலும்பு வரைக்கும் இறங்கக்கூடிய சீழாகிவிடும்.

ஆன்டிபயாட்டிக் எல்லாக் குழந்தைக்கும் வேண்டியதில்லை. சிவப்பு நகத்தைத் தாண்டிப் பரவினால், காய்ச்சல் இருந்தால், டாக்டர் எழுதுவார். விரல் சூப்பும் குழந்தை என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். வாய்க் கிருமிக்கும் சேர்த்துக் கேட்கும் மருந்தாகத் தேர்ந்தெடுப்பார். போன சளிக்கு வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் மிச்சம் இருக்கும் பாதி பாட்டிலை எடுத்துக் கொடுக்காதீர்கள். தூளில் தண்ணீர் கலந்து தயாரிக்கும் அந்த சிரப்புகள் பலவும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது.

வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாத நிலைமைகளையும் சொல்லிவிடுகிறேன். விரலிலிருந்து கையை நோக்கிச் சிவப்புக் கோடு ஏறுகிறது. விரல் முழுக்க வீங்கி, மடக்கியே வைத்திருக்கிறது, நீட்டினால் துடிக்கிறது. காய்ச்சலோடு சோர்ந்து கிடக்கிறது. இதில் எது இருந்தாலும் அன்றைக்கே, ராத்திரியாக இருந்தாலும், ஆஸ்பத்திரி. பிறந்து 3 மாதம் ஆகாத குழந்தைக்கு நகத்தில் சின்னச் சிவப்பு என்றாலும் வெந்நீர் வைத்தியம் வேண்டாம், நேரே டாக்டர். சர்க்கரை நோய் உள்ள பிள்ளை, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் பிள்ளை இவர்களுக்கும் அப்படியே.

இப்போது கத்தி படக்கூடாத விரல். 2 வயசுக் குழந்தை, வாயெல்லாம் புண், ஈறு வீங்கி ரத்தம், எச்சில் ஒழுகுகிறது, சாப்பிடவே மாட்டேன் என்கிறது. சில நாளில் அது சூப்பும் விரலின் நுனியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள், கொத்தாக. முதலில் தெளிந்த நீர் போல இருக்கும், பிறகு கலங்கிச் சீழ் போலத் தோன்றும். இது ஹெர்பிஸ் வைரஸ். வாயில் வந்ததைக் குழந்தை தானே விரலுக்குக் கொண்டுவந்துவிட்டது. உதட்டோரம் கொப்புளம் வந்திருக்கும் பெரியவர் பிஞ்சுக் கையை எடுத்து முத்தம் கொடுப்பதாலும் வரும். சீழ் என்று நினைத்து இதைக் கீறினால் நன்மை எதுவும் இல்லை, வேறு கிருமி உள்ளே நுழைவதுதான் மிச்சம். தானாக 2, 3 வாரத்தில் காய்ந்துவிடும். ஆரம்பத்திலேயே போனால் டாக்டர் அசைக்ளோவிர் கொடுப்பார். கொப்புளத்தைப் பார்த்ததும் அக்கி என்று சொல்லி, செங்காவியால் எழுதிவிட்டு வருபவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். எழுதியவரின் விரலும் கொப்புளத்தில் பட்டிருக்குமே என்பதுதான் என் கவலை, அவருக்கும் ஒட்டும். கொப்புளம் காயும்வரை விரலைத் தளர்வாக மூடி வையுங்கள், கண்ணைத் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பல மாதமாக இழுத்துக்கொண்டே இருக்கும் நகச்சுத்தி. 6 வாரத்தைத் தாண்டிவிட்டால் இது வேறு கதை. ஓயாமல் விரல் சூப்பும் குழந்தையின் கட்டைவிரலைப் பார்த்தால் தெரியும்: நகத்தைச் சுற்றி உப்பலாக இருக்கும், அவ்வளவாக வலிக்காது, அடி விளிம்பே இருக்காது, நகம் கரடுமுரடாக வரிவரியாக வளரும். சில நேரம் கேண்டிடா என்ற பூஞ்சையும் அங்கே இருக்கும். இதற்கு முதல் காரணம் ஈரம். முதல் வகைக்குச் சொன்ன வெந்நீரை இதற்கும் நாள்தோறும் ஊற்றிக்கொண்டிருந்தால் இது ஜென்மத்துக்கும் ஆறாது. விரல் காய்ந்திருக்க வேண்டும். கழுவினால் உடனே துடைக்க வேண்டும், மேலே பெட்ரோலியம் ஜெல்லி மாதிரி ஏதாவது பூசி ஈரம் இறங்காமல் தடுக்க வேண்டும். வீக்கத்துக்கும் பூஞ்சைக்கும் எந்த மருந்து, எத்தனை நாள் என்பது டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது. இதே உப்பல் விரல் வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கலாம். பாத்திரம் கழுவி, துணி துவைத்து, மாவு கரைத்து நாள் முழுக்க ஈரத்தில் நிற்கும் அம்மாவின் விரலைக் காட்டச் சொல்லுங்கள். குழந்தைக்காக வந்த அம்மாக்களில் பலர் கையைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொள்வார்கள்.

விரல் சூப்புவதை நிறுத்த என்ன செய்வது? இங்கேதான் வேப்பெண்ணெய் வருகிறது, மிளகாய்த்தூள் வருகிறது. மிளகாய் தடவிய கையைக் குழந்தை கண்ணில் வைத்துத் தேய்த்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேப்பெண்ணெயைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அது நம் வீட்டுப் பொருள், கெடுதல் செய்யும் என்று யாரும் நம்புவதில்லை. 1981இல் லான்செட் மருத்துவ இதழில் மலேசியாவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. அங்கே இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் சளிக்கும் வயிற்றுக்கும் கைமருந்தாக வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகளுக்கு வாந்தியும் வலிப்பும் வந்து, மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதை எழுதியிருந்தார்கள். சில மில்லியே போதுமானதாக இருந்தது. விரலில் தடவுவது அந்த அளவுக்குப் போகாது என்று வாதாடலாம். ஆனால் நாளெல்லாம் நக்கும் விரலில், நாளுக்கு நாலு தடவை தடவும் பாட்டி இருக்கும் வீட்டில், அளவை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

பெரும்பாலான குழந்தைகள் 4 வயசுக்குள் தாங்களாகவே விட்டுவிடும். அதுவரை திட்டாமல், கையை வாயிலிருந்து பிடுங்காமல், அந்தக் கைக்கு வேறு வேலை கொடுப்பதுதான் எனக்குத் தெரிந்து பலன் கொடுத்த ஒரே வழி. தூக்கத்தில் சூப்பினால் பருத்தியில் ஒரு கையுறை. நகம் கடிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நகத்தைக் குட்டையாக, ஓரம் பிசிறில்லாமல் வைத்தாலே பாதி குறையும். பிசிறு இருந்தால்தான் பல் அங்கே போகும். இதற்கு எதிர்ப்பாட்டாக ஒரு செய்தி: நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972, 73இல் பிறந்த ஆயிரம் பேரைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வில், சின்ன வயதில் விரல் சூப்பியவர்களுக்கும் நகம் கடித்தவர்களுக்கும் பின்னாளில் ஒவ்வாமைத் தன்மை கொஞ்சம் குறைவாக இருந்ததாக 2016இல் எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு யாரும் பிள்ளையை நகம் கடிக்கச் சொல்லிவிடாதீர்கள். கீரிப்பூச்சி முட்டை நகக்கண்ணிலிருந்து வயிற்றுக்குப் போகும் வழியும் அதுவேதான்.

இனி, சும்மா இருக்க வேண்டிய நகம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது பதறிக்கொண்டு ஒரு அம்மா போன் செய்வாள்: "பாப்பா நகம் எல்லாம் அடியிலேர்ந்து கழண்டு வருது!" நான் கேட்கும் முதல் கேள்வி, ஒன்றிரண்டு மாதம் முன்னால் கை, கால், வாயில் கொப்புளத்தோடு காய்ச்சல் வந்ததா என்பது. நம் பக்கம் தக்காளிக் காய்ச்சல் என்கிறார்களே, 2022இல் கேரளத்தில் கொல்லம் பக்கம் பரவியபோது செய்தியில் வந்ததே, அந்தக் கூட்டம். கை-கால்-வாய் நோய் என்று டாக்டர்கள் எழுதுவார்கள். காய்ச்சல் சமயத்தில் நகம் வளர்வது கொஞ்ச நாள் நின்றுபோகிறது. நின்ற இடத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. புது நகம் கீழிருந்து தள்ளிக்கொண்டு வர, பழைய நகம் அந்தப் பள்ளத்தோடு பிரிந்து மேலே தூக்கிக்கொள்கிறது. வலி இருக்காது, சிவப்பு இருக்காது, கீழே பார்த்தால் புது நகம் மெல்லியதாக வந்துகொண்டிருக்கும். மருந்தே வேண்டாம். தூக்கி நிற்கும் நுனி துணியில் மாட்டாமல் வெட்டிவிட்டால் போதும். இதைப் பூஞ்சை என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுத்த வீடுகள் உண்டு.

உண்மையான நகப் பூஞ்சை பெரியவர்களுக்குச் சாதாரணம், குழந்தைகளுக்கு அபூர்வம். குழந்தை நகம் வேகமாக வளர்ந்து பூஞ்சையை வெளியே தள்ளிவிடுகிறது என்பது ஒரு காரணம். ஆனாலும் வரும். கால் பெருவிரல் நகம் மஞ்சளாகத் தடித்து, நுனியில் மாவு போல உதிர்ந்தால் சந்தேகப்படலாம். அப்படி ஒரு குழந்தை வந்தால் நல்ல தோல் டாக்டர் முதலில் அப்பாவின் செருப்பைக் கழற்றச் சொல்வார். வீட்டில் யாருக்காவது காலில், தொடையிடுக்கில் படர்தாமரை இருக்கும். நகத்தைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் மாத்திரை ஆரம்பிக்க வேண்டும். குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவில், கை நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம் என்று போகும் வைத்தியம் அது. மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஒரு ட்யூப்" என்று கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளை நகத்தில் பூசாதீர்கள். அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டு நாள் நன்றாக இருப்பது போலக் காட்டிவிட்டு, பூஞ்சையை உள்ளுக்குள் ஊட்டி வளர்க்கும்.

நகத்தில் வெள்ளைப் புள்ளி இருந்தால் கால்சியம் குறைவு என்கிறார்கள். பெரும்பாலும் எங்கோ இடித்த தடம். விட்டுவிடுங்கள்.

வராமல் தடுப்பது பெரும்பாலும் நகம் வெட்டும் விதத்தில்தான் இருக்கிறது. கைக்குழந்தையின் நகத்தை அம்மாவோ பாட்டியோ பல்லால் கடித்து எடுப்பதை நம் வீடுகளில் சகஜமாகப் பார்க்கலாம். நகவெட்டி பட்டுவிடுமோ என்ற பயம்தான், பாசம்தான். ஆனால் அந்த வாயில் உள்ள அத்தனையும் நேரே குழந்தையின் நகக்கண்ணுக்குப் போகிறது, மேலே சொன்ன ஹெர்பிஸ் உட்பட. குழந்தை தூங்கும்போது, குளித்து நகம் மெத்தென்று இருக்கும் நேரமாகப் பார்த்து, விரல் சதையைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு வெட்டுங்கள். பயமாக இருந்தால் மெல்லிய அரம் வைத்துத் தேய்த்தாலே போதும். கை நகத்தை விரலின் வளைவுக்கு ஏற்ப வெட்டலாம். நுனியில் ஒரு நூல் வெள்ளை மிச்சம் இருக்கட்டும். ஓரத்தில் தோல் நீட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல் நகவெட்டியால் அடியோடு நறுக்குங்கள். வெள்ளிக்கிழமை வெட்டக் கூடாது, விளக்கு வைத்த பிறகு வெட்டக் கூடாது என்று மாமியார் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை பகலில் வெட்டிக்கொள்ளுங்கள். இருட்டில் வெட்டாதே என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நகவெட்டி என்பதை மாற்றுங்கள். தாத்தாவின் கால் நகத்தை வெட்டிய அதே நகவெட்டி பேத்தியின் கைக்கு வர வேண்டாம்.

கால் நகம் மட்டும் நேராக வெட்ட வேண்டும். பெருவிரல் நகத்தின் ஓரங்களை உள்ளே விட்டு வளைத்து வெட்டினால், மிஞ்சும் சின்ன முள் சதைக்குள் குத்தி வளரும். அதன் மேல் இறுக்கமான ஷூ ஏறினால் ஒரு வாரத்தில் ஓரம் வீங்கி, சதை வளர்ந்து, சாக்ஸில் ரத்தம் ஒட்டும். ஆரம்பம் என்றால் வெந்நீரில் ஊறவைத்து, நகத்தின் மூலையைக் கொஞ்சம் தூக்கி, சிறு பஞ்சுத் திரியை அடியில் வைத்து நாள்தோறும் மாற்றினால் நகம் சதையைத் தாண்டி வளர்ந்துவிடும். சீழும் சதை வளர்ச்சியும் வந்துவிட்டால் டாக்டரிடம்தான் போக வேண்டும். கைக்குழந்தைகளின் கால் நகம் சதைக்குள் புதைந்தது போலவே இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். சிவக்காமல் இருந்தால் அது அப்படித்தான்.

பள்ளிக்கூட ஷூதான் நான் கடைசியாகச் சண்டை போடும் விஷயம். ஜூனில் வாங்கியது பொங்கலுக்குள் இறுகிவிடுகிறது, ஆனால் வருஷத்துக்கு ஒரு ஜோடி என்பது வீட்டுக் கணக்கு. அக்டோபர், நவம்பர் மழையில் நனைந்த ஷூவை மறுநாளும் ஈரத்தோடே மாட்டி அனுப்புகிறோம். ராத்திரி உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஃபேன் அடியில் வைத்தால் காலைக்குள் ஓரளவு காயும். காயவில்லை என்றால் அன்றைக்குச் செருப்போடு அனுப்பிவிட்டு டைரியில் ஒரு வரி எழுதுங்கள், எந்த டீச்சரும் வெளியே நிறுத்த மாட்டார். நைலானுக்குப் பதில் பருத்தி சாக்ஸ், இரண்டு ஜோடிக்குக் குறையாமல். வாங்கும்போது கடைக்காரர் உட்காரவைத்து மாட்டிவிட்டு "கரெக்டா இருக்கும்மா" என்பார். பிள்ளையை எழுந்து நிற்கவைத்து, சாயங்கால நேரமாக இருந்தால் இன்னும் நல்லது, நீளமான விரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று நீங்களே அழுத்திப் பாருங்கள்.